டோம்ப்ரோவ்ஸ்கிஸ் ஏன் ஃப்ராங்க்ளின் ஆற்றுக்குத் திரும்பத் திரும்பப் போனார்?

மூடுபனி எழுதியது:

நிலக்காட்சி ஒளிப்படக் கலையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸில் தொடங்கி அவரிலேயே முடித்துவிடுகிறோம். அவர்மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனாலும் காட்டின்மீது கொண்ட பற்றே ஒருவரைக் கலைஞராக்கியது என்று யாரையாவது சுட்டிக்காட்டச் சொன்னால், என் விரல் முதலில் டாஸ்மேனியாவின் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸை நோக்கித்தான் நீளும்.

அவர் 1945-ஆம் ஆண்டு ஜெர்மனியில், போரால் நாடிழந்த லாத்வியப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1950-இல் தாய் அவரை அழைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்து டாஸ்மேனியாவில் குடியேறினார். சிறுவயதிலேயே ஒரு 35 மி.மீ. கேமராவைப் பரிசாகத் தந்ததும் அந்தத் தாய்தான். தந்தையின்றி வளர்ந்த அந்தப் பையனுக்குப் பதின்பருவத்தில் ஒரு வழிகாட்டி கிடைத்தார். அவர் பெயர் ஒலேகாஸ் ட்ருகானாஸ். அவரும் போருக்குப் பின் லித்துவேனியாவிலிருந்து வந்து சேர்ந்தவர். 1958-இல் தனியாளாகக் கயாக்கில் கார்டன் ஆற்றின் வழியே கடல்முகம் வரை போனவர். தென்மேற்கு டாஸ்மேனியாவின் காடுகளையும் மலைகளையும் பல்லாண்டுகள் ஸ்லைடுகளில், அதாவது திரையில் ஒளிபாய்ச்சிக் காட்டும் படங்களில், பதிவு செய்தவர். 1967 பிப்ரவரியில் தலைநகர் ஹோபார்ட்டைச் சூழ்ந்த பெருங்காட்டுத்தீயில் அவருடைய வீடும் அந்தச் சேமிப்பும் எரிந்து சாம்பலாயின. போனது போகட்டும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. எரிந்த படங்களை மீண்டும் எடுப்பதற்காகவே பழைய இடங்களுக்குப் புறப்பட்டார். 1972 ஜனவரியில், அணையின் கீழ் மறையவிருந்த கார்டன் ஆற்றைப் பதிவு செய்யச் சென்றபோது அந்த ஆற்றிலேயே இறந்தார். தேடச் சென்றவர்களில் அவருடைய உடலைக் கண்டெடுத்தவர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அதன் பிறகு அவர் தேர்ந்தெடுத்தது தன் ஆசானின் வழியை. ஆனால் கருவி வேறு. சிறு கேமராவை வைத்துவிட்டு, நான்குக்கு ஐந்து அங்குலத் தாள் ஃபிலிமில் படமெடுக்கும் லின்ஹாஃப் கேமராவை எடுத்துக்கொண்டார். கூடாரம், உணவு, மழையுடை, ட்ரைபாட், கேமரா, லென்ஸ்கள், ஃபிலிம் பெட்டிகள் எல்லாவற்றையும் முதுகில் சுமந்து பல நாட்கள் நடந்துபோய், சில சமயம் ஒரு படமும் எடுக்காமல் திரும்பினார். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃப்ராங்க்ளின் ஆற்றில் மேற்கொண்ட பயணங்களில்தான் ‘காலை மூடுபனி, ராக் ஐலண்ட் பெண்ட்’ என்ற படம் கிடைத்தது. 1983 மார்ச் தேர்தலுக்கு முன்னர், அந்த ஆற்றை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்துக்கு எதிராக நாளிதழ்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வந்து, இதை அழிக்கப்போகும் கட்சிக்கா உங்கள் வாக்கு என்று வாக்காளர்களைக் கேட்ட படம் அதுதான்.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படம் ஆற்றைக் காத்த படம் ஆனதற்குக் காரணம், அது ஆற்றைக் காப்பதற்காக எடுக்கப்படாததுதான். அதில் அணை இல்லை, எந்திரம் இல்லை, வெட்டுண்ட மரம் இல்லை, முறையீடும் இல்லை. அந்த இடத்தில் நின்று பார்த்த ஒருவரின் பார்வை மட்டுமே இருக்கிறது. எந்த நோக்கமும் இல்லாமல் ஓர் இடத்தை நேசித்ததன் பலன் அது என்றே நான் நம்புகிறேன். உடன்படாதவர்கள் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தாள்ஃபிலிம் எழுதியது:

நல்ல இழை, நண்பரே. நோக்கம் பற்றிய விவாதத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. டோம்ப்ரோவ்ஸ்கிஸின் பார்வையைக் கருவியிலிருந்து பிரித்துப் பேசினால் பாதி விஷயம் விடுபட்டுவிடும்.

நானும் பல ஆண்டுகளாக அதே அளவுத் தாளில் படமெடுத்து வருகிறேன். தலைமேல் கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்பக்கத்து மங்கல் கண்ணாடியைப் பார்த்தால் முதலில் இருட்டு மட்டுமே தெரியும். கண் பழகச் சில நொடிகள் ஆகும். பிறகு நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு தெளியும். ஓரங்கள் மங்கியே இருக்கும். ஆறு மேலே ஓடும், மரங்கள் கீழ்நோக்கித் தொங்கும், இடம் வலமாகியிருக்கும். குளிர்காலைகளில் மூச்சுப் பட்டால் கண்ணாடி மூடிக்கொள்ளும் என்பதால் வாயை ஒருபுறம் திருப்பிக்கொண்டுதான் லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துக் கூர்மை பார்க்க வேண்டும். லென்ஸ் பலகையை முன்புறம் ஒரு சிறிது சாய்த்தால் காலடியிலுள்ள பாறையும் தொலைவிலுள்ள மலையும் ஒரே தளத்தில் கூர்மையாகும். சாய்வு கொஞ்சம் கூடினாலும் நடுவில் நிற்கும் மரத்தின் உச்சி கலைந்துவிடும். எல்லாம் சரியான பிறகு ஷட்டரை மூடி, ஃபிலிம் ஹோல்டரைச் செருகி, மறைப்புத் தகட்டை உருவி, காற்று நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஹோல்டருக்குப் பக்கம் ஒன்றாக இரண்டே தாள்கள். இந்த வேலைகள் முடிவதற்குள், படமெடுக்கத் தூண்டிய மூடுபனி மலைக்கு அப்பால் போயிருக்கும்.

ஒரு முறை மூன்று நாள் நடந்து சென்ற இடத்தில், பயன்படுத்திய தாளின் தகட்டைத் திருப்பிப் போட மறந்து, அதே தாளில் மறுபடியும் எக்ஸ்போஷர் கொடுத்துவிட்டேன். கழுவி எடுத்தபோது இரண்டு காலைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, இரண்டுமே இல்லாமல் போயிருந்தன. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கவனம் என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய படங்களில் வெயில் குறைவு. மேகமும் மழையும் மூடுபனியும் அதிகம். மனநிலை சார்ந்த தேர்வு என்று பலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். ஓரளவு உண்மைதான். ஆனால் ஸ்லைடு ஃபிலிம் ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் வேறுபாட்டுக்கு மேல் தாங்காது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது). வெயிலடிக்கும் மழைக்காட்டில் ஒரு பக்கம் வெளுத்துப்போகும், இன்னொரு பக்கம் கரியாகிவிடும். மேகம் மூடிய நாளில்தான் பாசியின் பச்சையும் ஈரப் பட்டையின் செம்மையும் ஒரே தாளில் அடங்கும். அந்த வெளிச்சத்தில் லென்ஸின் துளையான அப்பர்ச்சரை மிகச் சிறிய எஃப் 45-க்குக் குறைத்தால், உணர்திறன் குறைந்த 50 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு எட்டு நொடிகள்போலத் தேவைப்படும்; நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் தளர்வதையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் கூடும். ஓடும் நீர் அந்த நொடிகளில் பால்போலத் திரண்டு தெரிவது அதனால்தான். தாள் 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பதின்மூன்று மடங்கு பரப்புடையது என்பதால், பெரிதாக்கிய அச்சில் பாறை இடுக்கிலுள்ள ஒவ்வோர் இலையும் தனித்து நிற்கும்.

ஆகவே டாஸ்மேனியாவின் வானிலையும் அந்த ஃபிலிமின் குறைபாடும் அவருடைய பொறுமையும் ஒன்றோடொன்று இசைந்து போனதை நாம் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கரையோரம் எழுதியது:

மூடுபனி அவர்களின் முதன்மையான கருத்தை மறுக்கிறேன். மரியாதையுடன்தான், ஆனால் உறுதியாக.

நோக்கமற்ற நேசம் என்பது கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. ஃப்ராங்க்ளினும் கார்டனும் கலக்கும் இடத்துக்குக் கீழே அணை கட்டும் திட்டத்தை மாநில நீர்மின் ஆணையம் 1979-இல் வெளியிட்டது. டாஸ்மேனியக் காட்டுநிலச் சங்கம் அதற்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1976-இல், தொடங்கப்பட்டுவிட்டது. டோம்ப்ரோவ்ஸ்கிஸ் ஃப்ராங்க்ளினுக்குப் போன ஆண்டுகளில் அந்த ஆறு ஆபத்தில் இருக்கிறது என்பது அந்தத் தீவில் அனைவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? பெடர் ஏரி மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர், ஆசானின் உடலைக் கார்டன் ஆற்றில் கண்டெடுத்தவர், அதே ஆற்றில் கலக்கும் துணையாற்றுக்கு எந்த எண்ணமும் இல்லாமல் கேமராவைச் சுமந்துகொண்டு போனார் என்று என்னால் நம்ப இயலவில்லை.

பெடர் ஏரியைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது மலைகளுக்கு நடுவே அமைந்த ஒரு சிற்றேரி. அதன் கரையில் இளஞ்சிவப்புச் சாயலுள்ள குவார்ட்ஸைட் மணலாலான, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள பரந்த மணல்வெளி இருந்தது. கோடையில் சிறு விமானங்கள் அதன்மேல் இறங்கின. 1955-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1967-இல் அந்தப் பாதுகாப்பு விலக்கப்பட்டது. 1972-இல் நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடிக்கப்பட்டது. ட்ருகானாஸ் அந்த ஏரியின் ஸ்லைடுகளை இசையோடு ஹோபார்ட்டின் அரங்கங்களில் காட்டினார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அவர் வேலை பார்த்ததே நீர்மின் ஆணையத்தில்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவ்வளவு அழகும் அவ்வளவு துணிவும் இருந்தும் ஏரி போய்விட்டது.

இந்தத் தோல்வியை அருகிலிருந்து கண்ட மாணவர் அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றால்தான் வியப்பு. ஃப்ராங்க்ளின் படங்களில் முறையீடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முறையீடு இல்லாமல் எடுப்பதும் ஒரு முடிவுதானே.

ஈரமண் எழுதியது:

நான் கலையைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன் அல்லன். சட்டம் படித்தவன் என்பதால் அந்தப் பகுதியைத் தெளிவாக்க விரும்புகிறேன். ‘ஆற்றைக் காத்த படம்’ என்ற சொற்றொடர் எனக்கு நெருடுகிறது.

1981 டிசம்பரில் நடந்த மாநில வாக்கெடுப்பில் இரண்டு அணைத் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அணையே வேண்டாம் என்று சொல்வதற்கு வாக்குச்சீட்டில் இடமில்லை. ஏறத்தாழ 45 விழுக்காடு வாக்குகள் செல்லாதவையாயின. அவற்றுள் பெரும்பகுதி, அணை வேண்டாம் என்று கையால் எழுதப்பட்டவை. 1982 டிசம்பர் 14 அன்று அந்த நிலப்பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றில் மறியல் தொடங்கியதும் அதே நாளில்தான். மறியலை வழிநடத்திய பாப் பிரவுன் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1983 மார்ச் 5 தேர்தலில் பாப் ஹாக் தலைமையில் தொழிற்கட்சி வென்று, அணையைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. டாஸ்மேனிய அரசு அதை எதிர்த்து வழக்காடியது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், நாடு ஏற்றுக்கொண்ட பன்னாட்டு உடன்படிக்கையின் கடமையை நிறைவேற்ற மைய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. நான்குக்கு மூன்று. ஒரே ஒரு நீதிபதி மாற்றிக் கருதியிருந்தால் அணை எழும்பியிருக்கும்.

இத்தனை பேரின் உழைப்பையும் சிறைவாசத்தையும் வாதத்தையும் ஒரு படத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. படத்துக்கு இருந்த இடம் வேறு. அந்த ஆறு 120 கிலோமீட்டருக்கும் மேல் சாலையற்ற மலைகளுக்கு நடுவே ஓடுகிறது. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைக் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. ஒருபோதும் பார்த்திராத இடத்துக்காக ஒருவர் முடிவெடுக்க வேண்டுமென்றால் அந்த இடம் அவர் கண்முன்னே வந்தாக வேண்டும். அதைச் செய்தது படம். அதற்கு மேலும் இல்லை, அதற்குக் குறைவும் இல்லை.

1861-இல் ஒளிப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பதினெட்டுக்கு இருபத்திரண்டு அங்குலக் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்களும் இதே வேலையைத்தான் செய்தன. 1864-இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அவர் அங்கே போனதே கிடையாது.

மூடுபனி எழுதியது:

ஈரமண் அவர்களின் திருத்தத்தை முழுமையாக ஏற்கிறேன். ‘காத்த படம்’ என்று இனி எழுதமாட்டேன்.

கரையோரம் அவர்களின் மறுப்பை இரண்டு நாட்களாக மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1979 என்ற ஆண்டு என் வாதத்தை உடைத்துவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆறு ஆபத்தில் இருப்பது தெரிந்துதான் அவர் போனார். ஆனால் தெரிந்து போனவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். அணை வரவிருந்த இடம் ஃப்ராங்க்ளினில் இல்லை. அது கார்டன் ஆற்றில், இரண்டும் கலந்த பிறகு வரும் பகுதியில் இருந்தது. அந்த இடத்தைப் படமெடுத்து, இங்கேதான் வரப்போகிறது என்று காட்டியிருந்தால் அது சான்றாகப் பயன்பட்டிருக்கும். அவர் மேலே, பெரும் பள்ளத்தாக்கின் நெருக்குப் பாறைகளைத் தாண்டிய பிறகு ஆறு திரும்பும் ஒரு வளைவில் கேமராவை நிறுத்தினார்.

அந்தப் படத்தின் நல்ல அச்சு ஒன்றை முதன்முதலில் பார்த்தபோது மூக்கு உரசும் தொலைவில் நின்று பார்த்தேன். முன்னால் நீர். அது நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. ஈரநிலத்தில் வளரும் பொத்தான்புல் என்ற கோரையின் வெளிகளிலிருந்து தாவரச் சாறு ஊறி, தேயிலைக் கஷாயம்போலக் கறுத்த பழுப்பு நிறம். அதன்மேல் நுரை இழைகள் நீண்டு சுழன்று, நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டுகின்றன. நடுவில் ஆற்றை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு பாறைத்தீவு; அதன் உச்சியில், வெள்ளம் எட்டாத உயரத்தில் மட்டும் செடிகளும் சிறு மரங்களும். அவை எந்த உயரத்தில் தொடங்குகின்றன என்பதை வைத்தே ஆற்றின் வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று அளந்துவிடலாம். அதற்குப் பின்னால் ஆறு மூடுபனிக்குள் போய் மறைகிறது. நான் அந்த இடத்திலேயே வெகுநேரம் நின்றேன். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்க வைப்பதுதான் அந்தப் படத்தின் பலம். அவர் அதைக் காட்டவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தும் காட்டவில்லை.

எனவே என் கூற்றை இப்படி மாற்றிக்கொள்கிறேன். துக்கம் அவரை ஆற்றுக்கு அனுப்பியது. ஆனால் கருப்புத் துணிக்குள் நுழைந்த பிறகு அவர் துக்கத்தைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தார்.

நெடுநிழல் எழுதியது:

எல்லோரும் ஓர் ஆற்றுப் படத்திலேயே நின்றுவிட்டீர்கள். எனக்கு அவருடைய மிகச் சிறந்த பணி அதுவன்று. மவுண்ட் ஆன் மலையில் எடுத்த மெத்தைச்செடிகளின் படம் ஒன்று இருக்கிறது. தரையோடு தரையாகப் படர்ந்து, பல இனச் செடிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, உறைபனிக் காற்றைத் தாங்குவதற்காகக் கல்போல இறுகி வளர்பவை. காலால் மிதித்தால் பல ஆண்டுகளுக்கு ஆறாத காயம் ஏற்படும். படத்தில் வானம் இல்லை. அளவைக் காட்ட எதுவும் இல்லை. ஒரு கண்டத்தை விமானத்திலிருந்து பார்ப்பதுபோலவும் இருக்கிறது, கைக்குட்டையளவு தரையைக் குனிந்து பார்ப்பதுபோலவும் இருக்கிறது. தென்கடலிலுள்ள மக்குவாரி தீவில் எடுத்த பெருங்கடற்பாசியின் படமும் இப்படித்தான்.

ஃபேகஸ் என்று அங்கே அழைக்கப்படும் மரத்தையும் சொல்ல வேண்டும். டாஸ்மேனியாவைத் தவிர வேறெங்கும் இயல்பாக வளராத அது, குளிர்காலத்துக்கு முன் இலையுதிர்க்கிறது. ஏப்ரல் கடைசியில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டும் மஞ்சளும் செம்பும் பூசிக்கொள்கிறது. அவர் அதை அந்த நிறத்தில் எடுத்தார், எல்லோரும் எடுப்பார்கள். இலை முழுவதும் உதிர்ந்த குளிர்காலத்திலும், முறுக்கிய வெறுங்கிளைகளில் பனி ஒட்டியிருக்கும்போதும் போய் எடுத்தார். காட்டின்மீது பற்றுள்ளவர் யார், காட்சியின்மீது பற்றுள்ளவர் யார் என்று என்னைக் கேட்டால் அந்தக் குளிர்காலப் படத்தைக் காட்டுவேன்.

இளம் ஒளிப்படக்காரர்கள் அவருடைய பாதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். இன்று பலரும் புகழ்பெற்ற ஒரு சட்டகத்தைத் தேடிப்போய், அதே இடத்தில் ட்ரைபாட்டின் கால்களை ஊன்றி, அதே படத்தை எடுத்துக்கொண்டு அன்றே திரும்பிவிடுகிறார்கள். அவர் ஒரே மலைக்குப் பல பருவங்களில் போனார். வெஸ்டர்ன் ஆர்தர் மலைத்தொடரின் ஓபரான் ஏரியை அவர் எடுத்த படத்தில் தெரிவது ஒரு நாளின் நல்ல நேரம் இல்லை. பல ஆண்டு நடையின் பழக்கம்.

வேர்த்தடம் எழுதியது:

இத்தனை நேரம் படித்த பிறகு, எனக்கு நெடுநாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் படங்களில் மனிதரே இல்லை. அதைத் தூய்மை என்று புகழ்கிறோம். ஆனால் ஃப்ராங்க்ளின் ஆற்றங்கரையில் குட்டிக்கினா என்ற குகை இருக்கிறது. 1981-இல் அங்கே அகழ்ந்து பார்த்தபோது கற்கருவிகளும் விலங்கெலும்புகளும் திரளாகக் கிடைத்தன. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் கடுங்குளிரில், அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அணை வந்திருந்தால் அந்தக் குகையும் நீருக்குள் போயிருக்கும். நீதிமன்றத்தில் அந்தக் குகையும் பேசப்பட்டது. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் டாஸ்மேனியாவில் வாழ்கிறார்கள். அந்த நிலத்தை மனிதர் தொடாத காடு என்று அழைத்தால் அவர்களை நாம் இரண்டாம் முறை அப்புறப்படுத்துகிறோம் அல்லவா?

தமிழில் இப்படி மனிதர் தொடாத நிலத்தைக் குறிக்கச் சரியான ஒரு சொல் இல்லை என்பதே எனக்கு ஆறுதல் தருகிறது. காடு என்கிறோம், கானகம் என்கிறோம். எதிலும் ஆளில்லாமை முதன்மைப் பொருளாக இல்லை. திணை என்று சொல்லும்போது நிலத்தோடு அங்கு வாழ்வோரின் ஒழுக்கமும் உடன் வந்துவிடுகிறது. அந்தக் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு டோம்ப்ரோவ்ஸ்கிஸின் படங்களில் ஒரு வெற்றிடம் தெரியத்தான் செய்யும்.

தாள்ஃபிலிம் எழுதியது:

வேர்த்தடம் அவர்களே, நீங்கள் சொல்வது உண்மை. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. பொத்தான்புல் வெளிகளே பல்லாயிரம் ஆண்டுகள் அந்த மக்கள் தீயிட்டுப் பேணியதால் இவ்வளவு பரந்து நிற்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் ஆற்று நீரின் அந்தப் பழுப்பு நிறத்திலும் அவர்களுடைய கைக்கு ஒரு பங்கு இருக்கிறது. நாம் ஆளில்லாத படம் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்; பார்க்கத் தெரியாதது நம் குறை. டோம்ப்ரோவ்ஸ்கிஸ் தலைமுறையின் குறையும்தான்.

ஒன்று மட்டும் அவர் சார்பாகச் சொல்லலாம். அவர் அந்த நிலத்தை வென்றதாக எங்கும் காட்டிக்கொண்டதில்லை. மலையுச்சியில் கொடியோடு நிற்கும் மனிதரும் இல்லை, பள்ளத்தாக்கைப் பார்த்துக் கைவிரிக்கும் முதுகும் இல்லை. மெத்தைச்செடியின் முன் மண்டியிட்டால்தான் அந்தப் படத்தை எடுக்க முடியும். 1996 மார்ச்சில், வெஸ்டர்ன் ஆர்தர் மலைத்தொடரில் தனியாகப் படமெடுக்கச் சென்றிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு 51 வயது.

கரையோரம் எழுதியது:

மூடுபனி அவர்கள் தம் கூற்றை மாற்றிக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருக்கிறது; நானும் கொஞ்சம் நகர்ந்துவிட்டேன். முறையீடு இல்லாமல் எடுப்பது ஒரு முடிவு என்று எழுதினேன். ஆனால் கருப்புத் துணிக்குள் காற்று அடங்கக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் அந்த முடிவை நினைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதைத் தாள்ஃபிலிம் அவர்களின் விவரிப்பு எனக்குப் புரியவைத்தது.

ஒரு கேள்வி மட்டும் மீதியிருக்கிறது. ட்ருகானாஸின் படங்கள் தோற்றன, மாணவரின் படம் வென்றது என்று பலரும் எழுதுகிறார்கள். அது நியாயமா?

மூடுபனி எழுதியது:

நியாயமில்லை என்றே நினைக்கிறேன். 1972-இல் பெடர் ஏரி போனபோது அங்கே கூடியிருந்தவர்கள்தான், அல்லது அவர்களிடமிருந்து கற்றவர்கள்தான், பத்தாண்டுகளுக்குப் பிறகு ஃப்ராங்க்ளினுக்காகக் கூடினார்கள். அரங்கத்தில் இருட்டில் உட்கார்ந்து அந்த ஸ்லைடுகளைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் 1983-இல் வாக்களித்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெடர் ஏரியை மீட்க வேண்டும், நீரை வடித்துப் பழைய ஏரியை வெளிக்கொணர வேண்டும் என்ற கோரிக்கை டாஸ்மேனியாவில் இன்றும் உயிரோடிருக்கிறது. அந்த மணல்வெளி நீருக்கடியில் அப்படியே கிடக்கிறது. அது ஒருநாள் மேலே வந்தால், முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க ட்ருகானாஸின் ஸ்லைடுகளைத்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.